நானோ ஆக்களும் விம் ஆக்களும்: ஒரு பழைய சண்டையின் வரலாறு

2017 மே மாதம் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் ஒரு வேடிக்கையான கணக்கை வெளியிட்டது. நிரல் எழுதுற ஆக்கள் கேள்வி கேட்டுப் பதில் வாங்குற இடம் அது. "விம் எடிட்டரை விட்டு எப்படி வெளியேறுவது?" எண்ட ஒரேயொரு கேள்வி அங்க பத்து லட்சம் தரத்துக்கு மேல பார்க்கப்பட்டிருந்தது. ஒரு மென்பொருளை எப்படிப் பாவிக்கிறது எண்டு கேக்க வந்த கூட்டமில்ல இது. திறந்ததை மூடத் தெரியாமல் வந்த கூட்டம்.

இந்தச் சங்கதி தெரியாத ஆக்களுக்கு ஒரு சின்ன விளக்கம். கறுப்புத் திரையில கட்டளையைத் தட்டச்சு செய்து கம்ப்யூட்டரோட பேசுற இடம்தான் டெர்மினல். தூரத்தில இருக்கிற சேர்வர் ஒண்டுக்குள்ள போனா பெரும்பாலும் அது மட்டும்தான் கிடைக்கும். அங்க ஒரு கோப்பைத் திறந்து நாலு வரி மாத்த வேணுமெண்டா டெர்மினலுக்குள்ளேயே ஓடுற ஒரு எடிட்டர் தேவை. நானோ, விம், ஈமாக்ஸ் மூண்டும் அதிகம் அடிபடுற பேர்கள். நானோவைத் திறந்தா நேரே எழுதலாம். எந்தப் பட்டனை அமத்தினா என்ன நடக்கும் எண்டு கீழ ரெண்டு வரியில எழுதியும் இருக்கும். விம் அப்படியில்ல. திறந்த உடனே ஒவ்வொரு பட்டனும் ஒரு கட்டளை. எழுத வேணுமெண்டா முதல்ல 'ஐ' பட்டனை அமத்தி எழுதும் நிலைக்குப் போக வேணும். எழுதி முடிஞ்சதும் எஸ்கேப் அமத்தித் திரும்பி வர வேணும். மூடுறதுக்கு முக்காற்புள்ளி போட்டு 'கியூ' அடிச்சு என்டர் தட்ட வேணும்.

இதை வெச்சு ஒரு அடுக்கு உருவாகியிருக்கு. நானோ பாவிக்கிற ஆள் கத்துக்குட்டி, விம் பாவிக்கிற ஆள் கெட்டிக்காரன். கம்பஸ் லெப்களில ஐ.டி. படிக்கிற நண்பர்கள் இதைச் சிரிச்சுக்கொண்டே சொல்லுவாங்க. நாங்க கலைப்பீடம். "உங்களுக்கு நானோ காணும் மச்சான்" எண்டு சொல்லும்போது அதில பாதி அக்கறை, மிச்சப் பாதி வேற என்னவோ. வரலாறு படிக்கிற ஆக்கள் எண்டபடியா எங்களுக்கு வேற ஒரு கேள்விதான் வந்தது. எது லேசு, எது கடினம் எண்டு தீர்மானிச்சது ஆர்? எப்ப? எந்த மெஷினை முன்னால வெச்சு?

காகிதத்தில திருத்திய காலம்

1969இல அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில கென் தொம்ப்சன் யுனிக்ஸை எழுதத் தொடங்கினார். அதோட சேர்த்து அவர் எழுதிய எடிட்டரின் பேர் ஈடி. அப்ப அவங்களுக்கு முன்னால திரை இல்ல. டெலிடைப் எண்ட தட்டச்சுப்பொறி மாதிரியான இயந்திரம்தான் இருந்தது. நீங்க அடிக்கிறதும் கம்ப்யூட்டர் சொல்றதும் ஒரே காகிதச் சுருளில அச்சாகும். டெலிடைப் 33 எண்ட மொடல் செக்கனுக்கு 10 எழுத்து அச்சடிக்கும். 2,000 எழுத்துள்ள ஒரு பக்கத்தைக் காட்டச் சொன்னா மூண்டு நிமிசத்துக்கு மேல கடகடவெண்டு அடிச்சுக்கொண்டிருக்கும்.

அதனால ஈடி பேசாது. நீங்க பிழை விட்டா அது தாற பதில் ஒரேயொரு கேள்விக்குறி. என்ன பிழை, எங்க பிழை, ஒண்டும் சொல்லாது. இண்டைக்கு அதைத் திறந்து பாக்கிற ஆக்களுக்கு அது திமிர் மாதிரித் தெரியும். ஒவ்வொரு எழுத்துக்கும் நேரமும் காகிதமும் செலவான இடத்தில அது சிக்கனம். கோப்பை மனசில வெச்சுக்கொண்டு, "12ஆம் வரியில இந்தச் சொல்லை எடுத்துட்டு அந்தச் சொல்லைப் போடு" எண்டு கட்டளை குடுக்க வேணும். தேடுறதுக்கு சொல் மட்டுமில்ல, சொல்லின் வடிவத்தையும் குடுக்கலாம். கோப்பு முழுக்க ஒரு வடிவத்தைத் தேடி, அது உள்ள வரிகளை அச்சடிக்கச் சொல்ற ஈடி கட்டளையின் எழுத்துகள் சேர்ந்துதான் 'கிரெப்' எண்ட பேர் வந்தது. லினக்ஸ் பாவிக்கிற எல்லாரும் அதை இண்டைக்கும் அடிக்கிறாங்க, எங்கயிருந்து வந்தது எண்டு தெரியாமலே.

அந்த டெலிடைப்பின் ஆவி இன்னொரு இடத்திலயும் இருக்கு. டெர்மினலில பழக்கதோசத்தில கொன்ட்ரோலோட எஸ் அமத்தினா திரை உறைஞ்சு போறதைப் பாத்திருப்பீங்க. கம்ப்யூட்டர் செத்துப்போச்சு எண்டு ஜன்னலையே மூடுற ஆக்கள் உண்டு. டெலிடைப்பில காகித நாடாவை நிப்பாட்டவும் ஓடவைக்கவும் இருந்த சமிக்ஞை அது. கொன்ட்ரோலும் கியூவும் அமத்தினா திரை திரும்ப உயிர்பெறும். நாடா போய் எத்தனையோ பத்தாண்டு ஆகிட்டு, சமிக்ஞை இன்னும் உயிரோட இருக்கு.

திரை வந்ததும் சண்டை தொடங்கிட்டு. லண்டன் குயின் மேரி கல்லூரியில ஜோர்ஜ் கூலூரிஸ் எண்ட விரிவுரையாளர் ஈடியைத் திருத்தி, திரையில வரியைப் பாத்துக்கொண்டே மாத்துற மாதிரி ஒண்டைச் செய்தார். அதுக்கு அவர் வெச்ச பேர் எம். விரிச்சுச் சொன்னா "மானிடருக்கான எடிட்டர்". அப்ப ஈடி ஆருக்கானது எண்டு நீங்களே யோசிச்சுக்கொள்ளுங்க. அதைத் தொம்ப்சனுக்குக் காட்டினபோது, திருத்தும்போது கோப்பின் நிலையைப் பாத்துக்கொண்டிருக்கிற தேவை தனக்கில்ல எண்ட கருத்தில அவர் பதில் சொன்னதாக் கூலூரிஸ் பிற்காலத்தில நினைவுகூர்ந்தார். எங்களுக்கு இந்தச் சந்திப்பு ரொம்பப் பிடிச்சது. ஒராள் கோப்பை மனசில பாக்கிறார், மற்றாள் கண்ணால பாக்க வேணும் எண்டு சொல்றார். "எங்கட பிள்ளையளுக்குக் கண்ணால தெரியோணும்" எண்டு வாதாடுற ஒரு ரீச்சரின் குரல் கூலூரிஸிடம் எங்களுக்குக் கேட்டது.

செக்கனுக்கு 30 எழுத்து

1976 கோடையில கூலூரிஸ் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தார். அங்க எம் எடிட்டரைப் பாத்த மாணவர்களில ஒராள் பில் ஜோய். அப்ப அவர் பட்டமேற்படிப்பு மாணவர், எங்களை விடக் கொஞ்சம்தான் மூத்தவர். அந்தச் சரக்கை எடுத்துக் கூட்டிக் குறைச்சு அவர் எழுதியதுதான் எக்ஸ், அதிலயிருந்து வந்ததுதான் வீஐ. 1979இல பெர்க்லி யுனிக்ஸின் ரெண்டாவது வெளியீட்டோட வீஐ வெளியில போனது. இண்டைய விம் அதின் பேரப்பிள்ளை.

வீஐ ஏன் அப்படி வினோதமா இருக்கு எண்டு கேட்டா, கனபேர் சொல்ற பதில் "கெட்டிக்காரருக்காகச் செய்தது" எண்டதுதான். ஜோய் தானே பின்னாளில் குடுத்த விளக்கம் வேற. வீட்டிலயிருந்து 300 போட் மோடத்தில வேலை செய்யக்கூடிய எடிட்டரை அவர் செய்யப் பாத்தார். 300 போட் எண்டா செக்கனுக்கு ஏறக்குறைய 30 எழுத்து. திரையில 24 வரி, வரிக்கு 80 எழுத்து, மொத்தம் 1,920. முழுத்திரையையும் ஒருக்கா வரைஞ்சு முடிக்க 64 செக்கன் போகும். அந்த நிலைமையில திரையை அடிக்கடி திருப்பி வரையிறது பைத்தியக்கார வேலை. ஒரே எழுத்தில ஒரு கட்டளை, குறைஞ்ச தட்டலில கூடின வேலை எண்டது அந்த மெல்லிய கம்பியின் தேவை.

கீபோர்டும் தன்ர பங்குக்கு வேலை பாத்திருக்கு. ஜோய் பாவிச்சது லியர் சீக்லர் கம்பனியின் ஏடிஎம்-3ஏ டெர்மினல். அதில அம்புக்குறிப் பட்டன்கள் தனியா இல்ல. எச், ஜே, கே, எல் எழுத்துகளுக்கு மேலதான் நாலு அம்பும் வரைஞ்சிருந்தது. விம்மில இண்டைக்கும் அந்த நாலு எழுத்தும்தான் இடம், கீழ், மேல், வலம். எஸ்கேப் பட்டன் இப்ப டேப் இருக்கிற இடத்தில, விரலுக்குப் பக்கத்தில இருந்தது. இப்ப அது மூலையில. விம் ஆக்கள் எஸ்கேப்பை எட்டி எட்டி அமத்துறதுக்குக் காரணம், எடிட்டர் மாறாமல் கீபோர்டு மாறினதுதான்.

அதே 1976இல, அமெரிக்காவின் மறுகரையில, எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்தில ஈமாக்ஸ் பிறந்தது. ரிச்சட் ஸ்டோல்மனும் கை ஸ்டீலும் டெக்கோ எண்ட பழைய எடிட்டருக்கு மேல கட்டிய கட்டளைத் தொகுதி அது. அங்க கம்ப்யூட்டருக்கும் திரைக்கும் இடையில இணைப்பு வேகமானது. ஈமாக்ஸில நிலை மாத்துற வேலை இல்ல, எழுத்து அடிச்சா எழுத்து விழும். கட்டளைகளுக்குக் கொன்ட்ரோல் மாதிரியான பட்டன்களைச் சேத்து அமத்த வேணும். 1985இல வந்த குனு ஈமாக்ஸ் அதின் புது உருவம். அதுக்குள்ள கடிதம் படிக்கலாம், விளையாடலாம், நிரல் எழுதி எடிட்டரையே மாத்தலாம். வீஐக்கும் ஈமாக்ஸுக்கும் நடந்த சண்டை ஒரு பெரிய பகிடிப் பாரம்பரியம். ஸ்டோல்மன் தலையில ஒளிவட்டம் மாதிரி ஒரு பழைய டிஸ்க்கை மாட்டிக்கொண்டு "ஈமாக்ஸ் தேவாலயத்தின் புனிதர்" வேசம் போடுவார். அந்தச் சண்டையை நாங்க இதோட விடுறோம். ரெண்டும் 'பெரிய' எடிட்டர்கள்தான், ரெண்டு பணக்காரக் குடும்பத்துக்கிடையில நடந்த காணிச் சண்டை மாதிரி.

எங்களுக்கு முக்கியமா பட்டது இன்னொராள். ஸெரொக்ஸ் பார்க் ஆய்வுகூடத்தில 1970களின் நடுவில வேலை செய்த லரி டெஸ்லர். வெட்டு, நகலெடு, ஒட்டு எண்டு இண்டைக்கு நாங்க எல்லாரும் போனில செய்யிற வேலையை உருவாக்கினவங்களில முக்கியமானவர். டிம் மொட்டோட சேர்ந்து அவர் செய்த ஜிப்ஸி எடிட்டர் புத்தகப் பதிப்பு அலுவலக ஆக்களுக்கானது. ஒரே பட்டன் ஒரு நேரம் எழுத்தாவும் இன்னொரு நேரம் கட்டளையாவும் இருக்கிறதை அவர் வாழ்நாள் முழுக்க எதிர்த்தார். தன்ர காரின் நம்பர் பிளேட்டிலேயே "நோ மோட்ஸ்" எண்டு எழுதிக்கொண்டு திரிஞ்ச மனிசன். 2020 பெப்ரவரியில காலமானார். மோட் இல்லாத எடிட்டர் எண்டா கத்துக்குட்டிகளுக்கானது எண்டு சொல்ற ஆக்கள், கம்ப்யூட்டர் வரலாற்றின் பெரிய மூளைகளில ஒண்டு முழுக்க அந்தப் பக்கம் நிண்டதை மறந்திடுறாங்க.

மின்னஞ்சலுக்குப் பிறந்த பிள்ளை

நானோவின் கதை மின்னஞ்சலில தொடங்குது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில 1989இல பைன் எண்ட மின்னஞ்சல் மென்பொருளை எழுதத் தொடங்கினாங்க. அலுவலக ஊழியர், மாணவர், விரிவுரையாளர் எல்லாரும் பாவிக்க வேணும், ஆரும் கையேடு படிக்க மாட்டாங்க எண்டதை ஏத்துக்கொண்டு செய்த வேலை அது. கடிதம் எழுதுறதுக்கு அதுக்குள்ள இருந்த சின்ன எடிட்டர்தான் பிக்கோ. 1992 அளவில அதைத் தனியாவும் பாவிக்கக்கூடியதா இருந்தது. திரையின் அடியில ரெண்டு வரி உதவி எண்ட யோசனை இங்கயிருந்துதான் வந்தது. அந்த ஆண்டுகள் எங்கட கிழக்குக் கரைக்கு என்ன ஆண்டுகள் எண்டு சொல்லத் தேவையில்ல. வேற ஒரு உலகத்தில ஒரு பல்கலைக்கழகம், எழுத்தர் ஒராள் பயப்படாமல் கடிதம் எழுதோணும் எண்டு யோசிச்சுக்கொண்டிருந்தது.

பிக்கோவில ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. அதை மாத்தி, மாத்தினதைப் பகிர அனுமதி தெளிவா இல்லாதபடியா, டெபியன் மாதிரியான சுதந்திர மென்பொருள் தொகுப்புகளில அதைச் சேக்க முடியல. 1999 கடைசியில கிறிஸ் அலெக்ரெட்டா எண்ட நிரலர், பிக்கோ மாதிரியே நடந்துகொள்ளுற ஒண்டைப் புதுசா எழுதி 'டிப்' எண்டு பேர் வெச்சார். "டிப் பிக்கோ அல்ல" எண்டதின் சுருக்கம் அது. அதே பேரில யுனிக்ஸில வேற ஒரு கருவி ஏற்கெனவே இருந்ததால 2000 ஜனவரியில நானோ எண்டு மாறினது. ஓ.எல். விஞ்ஞானம் ஞாபகமிருந்தா தெரியும், ஒரு நானோ எண்டா ஆயிரம் பிக்கோ. 2001இல அது குனு திட்டத்துக்குள்ள போனது. நானோ ஆராலயும் 'சின்ன ஆக்களுக்கு' எண்டு இரக்கத்தில செய்து குடுத்த பொருள் இல்ல எண்டது எங்களுக்கு இதில முக்கியம். பகிரக்கூடிய ஒண்டு வேணும் எண்ட பிடிவாதத்தில பிறந்தது. 

குறையும் உண்டு. 'சேமி' எண்டு எழுத வேண்டிய இடத்தில "ரைட் அவுட்" எண்டு எழுதியிருக்கும். கொன்ட்ரோல் பட்டனைக் குறிக்க ஒரு கூரைக்குறி போட்டிருக்கும், அதை ஆர் உங்களுக்குச் சொல்லித் தந்தாங்க? லேசான எடிட்டருக்கும் ஒரு வாசல் காவலன் இருக்கத்தான் செய்றான். 2024இல வந்த எட்டாம் பதிப்பில, நகலெடுக்கவும் ஒட்டவும் நாங்க மற்ற இடமெல்லாம் பாவிக்கிற பட்டன்களையே இங்கயும் பாவிக்கிற ஒரு தெரிவைச் சேத்திருக்காங்க. 24 வருசம் எடுத்திருக்கு.

விம்மின் கதையும் பிடிவாதக் கதைதான். நெதர்லாந்துக்காரர் பிராம் மூலனார் அமீகா கம்ப்யூட்டர் ஒண்டு வாங்கினார். அதுக்கு நல்ல வீஐ இல்ல. வேற ஒரு நகலை எடுத்துத் திருத்தத் தொடங்கி 1991இல வெளியிட்டார். முதல்ல விம் எண்டது 'வீஐ போல' எண்ட கருத்துள்ள பேரின் சுருக்கம். ரெண்டு வருசத்தில அது 'மேம்பட்ட வீஐ' ஆகிட்டு. 1994இல மூலனார் உகண்டாவின் கிபாலேயில ஒரு சிறுவர் நிலையத்தில நீர், சுகாதார வேலைகளுக்காக ஒரு வருசம் தங்கினார். அதுக்குப் பிறகு விம்மைத் திறக்கிற ஒவ்வொரு ஆளுக்கும் முன்பக்கத்தில உகண்டாப் பிள்ளைகளுக்கு உதவச் சொல்லி ஒரு வரி தெரியும். சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்களின் பெயர்ப்பலகைகளுக்கு நடுவில வளர்ந்த எங்களுக்கு, ஒரு எடிட்டருக்குள்ள அப்படி ஒரு பலகையைப் பாக்க விசித்திரமா இருந்தது. ஆனா அந்த மனிசன் பேர் எழுதிட்டுப் போகல. 2023 ஓகஸ்ட் 3ஆம் திகதி இறக்கும் வரைக்கும் ரெண்டு வேலையையும் விடல. அவருக்குப் பிறகு விம்மைப் பராமரிக்கிறவங்களில ஒராளின் பேர் யேகப்பன் லட்சுமணன். அந்தப் பேரைக் கண்டதும் எங்கட குழுவில எல்லாருக்கும் ஒரு சின்னச் சந்தோசம்.

விம்மைக் கெட்டித்தனத்துக்காக இல்லாமல் மொழிக்காகப் பாராட்ட வேணும் எண்டது எங்கட கருத்து. அதின் கட்டளைகளுக்கு இலக்கணம் இருக்கு. 'டி' எண்டா அழி, 'டபிள்யூ' எண்டா சொல். ரெண்டையும் சேத்தா "அழி சொல்லை". நடுவில 3 போட்டா மூண்டு சொல். வினை முன்னுக்கு, பொருள் பின்னுக்கு, இது இங்கிலீஷ் ஒழுங்கு. தமிழில நாங்க "சொல்லை அழி" எண்டுதானே சொல்றோம்? ககூன், ஹீலிக்ஸ் எண்ட புது எடிட்டர்கள் அதைத் திருப்பிப் போட்டிருக்கு. முதல்ல எதை எண்டு தெரிவுசெய்ய வேணும், பிறகு என்ன செய்யிறது எண்டு சொல்ல வேணும். அவங்க தமிழை நினைச்சுச் செய்யல. ஆனா மொழியியல் படிக்கிற எங்கட தோழி ஒராள் இதைக் கண்டதும் குதிச்சிட்டா.

தமிழ் வந்தா என்ன ஆகுது

இவ்வளவு சண்டையும் இங்கிலீஷ் எழுத்தை வெச்சு நடந்தது. தமிழில எழுத உக்காந்தாத்தான் கணக்கு முழுக்க மாறுது.

கல்முனையில கலியாணக் காட் அடிக்கிற, விண்ணப்பம் நிரப்பித் தாற டைப்பிங் கடைகளுக்குப் போயிருப்பீங்க. அங்க இருக்கிற அக்காமார் பாமினியில அடிப்பாங்க. பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியின் கைப்பழக்கம் அதில இருக்கு. 'அம்மா' எண்டு வர வேணுமெண்டா எம், கே, அரைப்புள்ளி, கே, எச் எண்டு அடிக்க வேணும். கத்துக்கொள்ள மாதக்கணக்கு எடுக்கும், கத்துக்கொண்டா விரல் பறக்கும். எங்கட வயசு ஆக்கள் போனில இங்கிலீஷ் ஒலியில அடிச்சுத் தமிழாக்குறோம். அஞ்சு நிமிசத்தில பழகலாம், பக்கக்கணக்கில அடிக்கேக்க அந்த அக்காவைப் பிடிக்க ஏலாது. நானோவும் விம்மும் எங்கட ஊரில எப்பவோ இருந்திருக்கு, பேர்தான் வேற. அந்த அக்காவை ஆரும் "மேம்பட்ட பயனர்" எண்டு கூப்பிட்டதை நாங்க கேக்கல.

இப்ப விம்முக்கு வருவம். கீபோர்டை இலங்கை நியமமான ரெங்கநாதன் முறைக்கோ தமிழ்99க்கோ மாத்திட்டு எழுதுறீங்க. எழுதி முடிச்சு எஸ்கேப் அமத்துறீங்க. கட்டளை நிலை. ஆனா கீபோர்டு இன்னும் தமிழிலதான் இருக்கு. 'டி' அமத்தினா விம்முக்குப் போறது ஒரு தமிழ் எழுத்து. விம்முக்கு அது விளங்காது. ஒவ்வொரு தரமும் கீபோர்டைத் திருப்பி, கட்டளை குடுத்து, மறுகா நிலையை மாத்தி, கீபோர்டையும் மாத்தி எழுத வேணும். விம்மின் பெரிய பலமே தமிழில பெரிய தொல்லையா ஆகுது. வழி இல்லாமலில்ல. விம்முக்குள்ளேயே விசைப்பலகைக் கோப்பு வைக்கிற வசதி இருக்கு, அது எழுதும் நிலையில மட்டும் வேலை செய்யும். விம்மோட சேர்ந்து வாற அந்தக் கோப்புகளில தமிழுக்கும் ஒண்டு உண்டு. ஆனா அது யூனிகோடுக்கு முந்திய டிஸ்கி குறியேற்றத்துக்கு எழுதினது. இண்டைக்கு வேணுமெண்டா நீங்களே ஒண்டை எழுத வேணும். நானோவில இந்தத் தொல்லை குறைவு. எழுத்து எப்பவும் எழுத்துத்தான், கட்டளைகளுக்கு மட்டும் கொன்ட்ரோல்.

இதில ஒரு நக்கல் இருக்கு. பாமினியில அடிச்சது கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் எழுத்துத்தான், தமிழ் உடுப்புப் போட்டிருக்கு, அவ்வளவுதான். அதனால பாமினி அக்காவுக்கு விம்மில ஒரு சிக்கலும் வராது, கட்டளை எல்லாம் ஒழுங்கா வேலை செய்யும். அவ அடிச்சது டெர்மினலில தமிழாத் தெரியாது, அது மட்டும்தான்.

எழுத்தின் உருவமும் பிரச்சினை. டெர்மினல் எண்டது சதுரக்கொப்பி மாதிரி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவுப் பெட்டி. 'ண', 'ஞ', 'ஔ' எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ள அடங்காது. 'கொ' எண்டதில கொம்பு முன்னுக்கும் கால் பின்னுக்கும் வர வேணும், கனக்க டெர்மினல்களில அது சிதறும். கேர்சர் ஒரு இடத்தில நிக்கும், எழுத்து இன்னொரு இடத்தில அழியும். இதில நானோவும் விம்மும் ஒரே வள்ளத்திலதான் தத்தளிக்குது. டெர்மினலை விட்டுத் தன்ர சொந்த ஜன்னலில ஓடக்கூடிய ஈமாக்ஸ்தான் தப்பினது. 1997இல வந்த அதின் 20ஆம் பதிப்பில ஜப்பானியர் கட்டிய பன்மொழி வசதி சேர்ந்தது. 2020இல வந்த 27ஆம் பதிப்பிலயிருந்து ஹார்ஃப்பஸ் எண்ட எழுத்துருவாக்கக் கருவியைப் பாவிக்கிறதால தமிழ் ஒழுங்கா விழுது. ஈமாக்ஸில உலக மொழிகளில வணக்கம் சொல்ற ஒரு பக்கம் இருக்கு, அதில எங்கட 'வணக்கம்' தமிழ் எழுத்திலேயே இருக்கு. நாங்க பெரிய வீட்டுச் சண்டை எண்டு தள்ளிவிட்ட எடிட்டர்தான் எங்கட மொழிக்கு நாற்காலி போட்டிருக்கு.

இதெல்லாம் எங்களுக்குச் சும்மா ஆராய்ச்சி இல்ல. பழைய தமிழ்ச் சஞ்சிகைப் பக்கங்களை ஸ்கேன் பண்ணி, எழுத்துணரி மென்பொருளால எழுத்தாக்கி, பிழை திருத்துற வேலையை எங்கட குழுவில சில பேர் செய்றோம். அந்த மென்பொருளுக்கு 'ர'வும் காலும் ஒண்டு மாதிரித் தெரியும். கால் ஒரு சொல்லின் முதல் எழுத்தா வரவே ஏலாது. அப்படி எங்க வந்தாலும் அது 'ர'தான். இதை ஒரு வடிவமா எழுதி 200 கோப்பில ஒரே கட்டளையில மாத்த விம்மால முடியும். அந்த வடிவத் தேடல் தொம்ப்சனின் ஈடியிலயிருந்து வழிவழியா வந்த சொத்து. நானோவிலயும் வடிவத்தால தேடி மாத்தலாம், ஆனா கோப்பு கோப்பா இருந்து செய்ய வேணும். வாக்கியம் வாக்கியமா வாசிச்சுத் திருத்துற வேலைக்கு வந்தா கதை மாறும், அங்க விம்மின் கீபோர்டு இழுபறி மனிசரைக் கொண்டுபோடும். ஒரே கோப்பு, ஒரே ஆள், காலையில ஒண்டு பொருந்துது, பின்னேரம் மற்றது பொருந்துது.

போன் இன்னொரு கதை. எங்களில எல்லாருக்கும் லெப்டொப் இல்ல. பாண்டிருப்பில வீட்டிலயிருந்து டேட்டா காட் போட்டு, ஆண்ட்ராய்ட் போனில டெர்மக்ஸ் வழியா சேர்வருக்குள்ள போற ஆக்கள் இருக்கோம். மார்கழி மழை நேரம் சிக்னல் அடிக்கடி தொங்கும், அடிச்ச எழுத்து திரைக்கு வர மூச்சு வாங்கும். போன் கீபோர்டில அம்புக்குறி இல்ல, கொன்ட்ரோலும் இல்ல. டெர்மக்ஸ் மேலதிகமா ஒரு வரி பட்டன் தருது, அல்லது சத்தம் குறைக்கிற பட்டனை அமத்திப் பிடிச்சுத்தான் கொன்ட்ரோல். மெல்லிய கம்பி, அம்பில்லாத கீபோர்டு. இது ஜோயின் ஏடிஎம்-3ஏ மேசையேதான். அந்தச் சின்னத் திரையில எச், ஜே, கே, எல் அமத்தி நகரும்போது, விம் வினோதமாத் தெரியிறதில்ல. கொன்ட்ரோல் தேடித் தேடி நானோவில வேலை செய்யிறதுதான் அங்க கஷ்டம்.

உலகம் போற திசையைப் பாத்தா நானோ பக்கம்தான் காத்து. டெபியனும் உபுண்டுவும் நெடுங்காலமா நானோவைத்தான் முன்னுக்கு வெச்சிருக்கு. 2020 ஒக்டோபரில வந்த ஃபெடோரா 33உம் வீஐயை விட்டு நானோவை இயல்பு எடிட்டராக்கினது. 2025 மே மாதம் மைக்ரோசாஃப்ட், விண்டோஸின் கட்டளைவரிக்கு 'எடிட்' எண்ட ஒரு சின்ன எடிட்டரை அறிவிச்சது, 250 கிலோபைட்டுக்கும் குறைவு. மோட் உள்ளது வேணாம் எண்டதுக்கு அவங்களே சொன்ன காரணம் விம்மை விட்டு வெளியேறத் தெரியாத அந்தப் பழைய பகிடி. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் இந்தப் போட்டியில எந்தப் பக்கமும் இல்ல. மைக்ரோ ஈமாக்ஸ் எண்ட பழைய சாமானைத் தானே பழுதுபாத்துக்கொண்டு அதிலயே இருக்கிறார்.

கடைசியா ஒரு சின்னத் தகவல், உங்களுக்கும் உதவும். எந்த எடிட்டரைத் திறக்கிறது எண்டு மற்ற மென்பொருள்களுக்குச் சொல்ல யுனிக்ஸில ரெண்டு மாறிகள் இருக்கு. ஒண்டின் பேர் எடிட்டர், மற்றதின் பேர் விசுவல். ஒரே வேலைக்கு ஏன் ரெண்டு எண்டு எங்களுக்குக் கன நாள் விளங்கல. முதலாவது காகிதத்தில ஓடுற ஈடி மாதிரியானதுக்கு, ரெண்டாவது திரையில ஓடுற வீஐ மாதிரியானதுக்கு. தொம்ப்சனும் கூலூரிஸும் உடன்படாத அந்த விசயம் ஒவ்வொரு லினக்ஸ் மெஷினிலயும் ரெண்டு பேராப் பதிஞ்சு கிடக்கு. எங்கட வலைப்பூ ஓடுற சேர்வரில ரெண்டிலயும் நானோ எண்டு போட்டிருக்கோம். விம் பாவிக்கிற ஒரேயொரு ஆள் தன்ர கணக்கில மட்டும் மாத்தி வெச்சிருக்கா.